முதல் துணைவிலங்கை வரவழைப்பவர்களுக்கு: பத்துப் பொற்காசு, எழுபது நிமிடம், ஒரு அட்டை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதையாட்டத்தில், ஆந்தை வேண்டும் என்ற ஒரே ஆசையில்தான் என் முதல் விசார்டை (மந்திரவாதிப் பாத்திரத்தை) உருவாக்கினேன். உதவிக்கு ஒரு மாய விலங்கை வரவழைக்கும் ஃபைண்ட் ஃபமிலியர் மந்திரத்தை ஸ்பெல்புக்கில் (மந்திர ஏட்டில்) எழுதி, ஆந்தைக்குப் பெயரும் வைத்துவிட்டேன். முதல் அமர்வில் "வரவழைக்கிறேன்" என்று சொன்னதும் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) கேட்டார்: "பத்துப் பொற்காசுக்கான சாம்பிராணியும் மூலிகையும் எங்கே?" என் பையில் நான்கு காசுதான் இருந்தது. மிச்சத்தைக் கயிறு, விளக்கு, இன்னும் என்னென்னவோ வாங்கிச் செலவழித்திருந்தேன்.

மூன்றாவது அமர்வில் ஆந்தை வந்தது. அன்றைக்கே, முதல் சண்டையிலேயே, ஒரு காப்ளினின் அம்பு பட்டு மறைந்தது. மறுபடி வரவழைக்கக் காசும் இல்லை, நிலவறைக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க இடமும் இல்லை. அன்று எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. அந்த மந்திரக் குறிப்பை வரிவரியாக நிதானமாகப் படித்தது அதற்குப் பிறகுதான். ஆட்டத்துக்கு முந்தின நாளே படித்திருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. நீங்கள் அந்த மூன்று அமர்வுகளை இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு. கீழே உள்ளவை அதன் 2014 விதிகளின்படி எழுதப்பட்டவை. 2024 விதிகள் மாறுகிற இடத்தில் அங்கங்கே சொல்கிறேன். விதிநூலில் ஃபமிலியர் என்று இருப்பதை இங்கே துணைவிலங்கு என்றே எழுதுகிறேன்.

1. எந்த விதிநூல் என்று முதலில் கேளுங்கள்

பாத்திரம் உருவாக்கும் முன்பே டிஎம்மிடம் இதைக் கேட்டுவிடுங்கள்: "2014-ஆ, 2024-ஆ? வீட்டுவிதி ஏதாவது உண்டா?" மந்திரத்தின் பெயர் இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் சின்னச் சின்ன வேறுபாடுகள் ஆட்டத்தையே மாற்றும். ஒன்றைச் சொல்கிறேன். துணைவிலங்கின் கண் வழியாகப் பார்க்க 2014-இல் உங்கள் முறைக்கு ஒன்றே கிடைக்கும் முக்கியச் செயலான முழு ஆக்‌ஷனும் போகும். 2024-இல் கூடுதல் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷன் போதும். சண்டைக்கு நடுவில் இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இணையத்தில் படித்த ஒரு யோசனை உங்கள் மேசையில் செல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: அதை எழுதியவர் வேறு ஆண்டு விதியில் ஆடியிருப்பார்.

2. உங்கள் பாத்திரத்துக்கு இந்த மந்திரம் கிடைக்குமா?

நேர்வழி விசார்ட் வகுப்பு (வகுப்பு என்பது பாத்திரத்தின் தொழில்). முதல் லெவலிலேயே ஆறு மந்திரங்களைத் தேர்ந்து ஸ்பெல்புக்கில் எழுதலாம். அதில் ஒன்றாக இதை வைத்துக்கொள்ளுங்கள். ஆறில் எடுக்காமல் விட்டு, பின்னால் எங்கேயாவது சுருள் கிடைத்து அதைப் படியெடுத்தால் முதல் லெவல் மந்திரம் ஒன்றுக்கு 50 பொற்காசும் 2 மணி நேரமும் ஆகும். தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டால் இந்தச் செலவு இல்லை.

வார்லாக்குக்கு (மாய சக்தி ஒன்றோடு ஒப்பந்தம் செய்தவருக்கு) இன்னொரு வழி உண்டு. 2014 விதியில் மூன்றாம் லெவலில் 'பேக்ட் ஆஃப் தி செயின்' எடுத்தால் இந்த மந்திரம் தனியாகக் கிடைக்கும். வழக்கமான விலங்குகளோடு இம்ப், க்வாசிட், சூடோடிராகன், ஸ்ப்ரைட் ஆகிய நான்கு உருவங்களும் சேரும். இம்ப் ஒன்று போதும் ஆசை காட்ட: 10 ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி), நினைத்தபோது கண்ணுக்குத் தெரியாமல் மறையும், எலியாகவோ அண்டங்காக்கையாகவோ சிலந்தியாகவோ உருமாறும். மற்றவர்களின் துணைவிலங்கால் தாக்க முடியாது. ஆனால் இந்த வார்லாக் அட்டாக் ஆக்‌ஷன் எடுக்கும்போது தன் தாக்குதல் ஒன்றை விட்டுக்கொடுத்தால், துணைவிலங்கு தன் முறைக்கு வெளியேயும் செய்யக்கூடிய எதிர்ச்செயலான ரியாக்‌ஷனில் ஒரு முறை தாக்கலாம். 2024-இல் இதே பேக்ட் முதல் லெவலிலேயே கிடைக்கிறது.

மற்றவர்களுக்கு: பதுங்கித் தாக்கும் ரோக் வகுப்பின் ஆர்கேன் டிரிக்ஸ்டர் என்ற உட்பிரிவினர் மூன்றாம் லெவலில் எடுக்கலாம். யாராக இருந்தாலும் 'மேஜிக் இனிஷியேட்' ஃபீட் (கூடுதல் திறன்) மூலம் எடுக்கலாம். ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) தன் வைல்ட் ஷேப் திறனின் (விலங்காக உருமாறுவது) முறை ஒன்றைச் செலவழித்து, பொருள் எதுவும் இல்லாமலேயே வரவழைக்க ஒரு வழி உண்டு. ஆனால் 2024 விதியில் அது அடுத்த நீண்ட ஓய்வு (இரவுத் தூக்கம் போன்றது) முடிந்ததும் போய்விடும்.

மேஜிக் இனிஷியேட் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2014-இல் அது நீண்ட ஓய்வுக்கு ஒரு முறைதான். காலையில் வரவழைத்த பூனை மத்தியானம் செத்தால், அன்றைக்குப் பூனை கிடையாது. ஸ்பெல் ஸ்லாட் (ஓய்வுக்கு ஓய்வு இத்தனை மந்திரம் என்ற கணக்கு) செலவாகாது என்பதால் பொருளும் வேண்டாம் என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். பத்துக் காசும் ஒரு மணி நேரமும் அவர்களுக்கும் உண்டு.

3. பொருளும் காசும்

மந்திரக் குறிப்பு கேட்பது இது: 10 பொற்காசு பெறுமான கரி, சாம்பிராணி, மூலிகை. பித்தளைக் கணப்புச் சட்டியில் இவை எரிந்து தீர வேண்டும். 2024 விதி கரியையும் மூலிகையையும் கேட்பதில்லை, 10 பொற்காசோ அதற்கு மேலோ பெறுமான சாம்பிராணி போதும்.

புதியவர்கள் வழக்கமாக விழும் பள்ளம் ஒன்று இங்கே இருக்கிறது. "என்னிடம் காம்போனன்ட் பை இருக்கிறதே, ஆர்கேன் ஃபோகஸ் இருக்கிறதே" என்று நினைப்போம். முன்னது மந்திரப் பொருட்களை வைக்கும் பை, பின்னது அவற்றுக்குப் பதிலாகப் பிடிக்கும் கோல் போன்ற கருவி. விலை குறிப்பிடாத பொருளுக்கு மட்டும்தான் அவை ஈடாகும். காசு எழுதியிருக்கிற பொருளையும், எரிந்து தீர்கிற பொருளையும் நீங்கள் உண்மையாகவே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

கணப்புச் சட்டி எரிந்து போவதில்லை, ஒரு முறை வாங்கினால் போதும். மந்திரக் குறிப்பில் அதற்கு விலை இல்லை. அதனால் டிஎம்மிடம் முன்கூட்டியே கேட்டு, கேரக்டர் ஷீட்டின் (பாத்திரத்தின் விவரத்தாளின்) பொருட்பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதாமல் விட்டால் நடுக்காட்டில் "சட்டி எங்கே?" என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான்.

தொடக்கக் காசைப் பற்றி இரண்டு வார்த்தை. 2014 விதியில் பாத்திரத்தின் முன்கதையாகச் சேஜ் (அறிஞர்) பின்னணி எடுத்தால் பையில் 10 பொற்காசு வரும். கணக்காக ஒரே ஒரு வரவழைப்பு. அதில் ஒரு காசு குறைந்தாலும் ஆந்தை இல்லை. வகுப்பும் பின்னணியும் தரும் தொடக்கப் பொருட்களுக்குப் பதிலாகக் காசாக எடுத்துக்கொள்ளும் வழியும் உண்டு: விசார்டுக்கு நான்கு நான்முகப் பகடைகளின் கூட்டுத்தொகை பெருக்கல் 10. சராசரியாக 100 காசு வரும், ஆனால் ஸ்பெல்புக் உட்பட எல்லாவற்றையும் அதிலிருந்தே வாங்க வேண்டும். என் அறிவுரை, தொடக்கப் பொருட்களையே எடுத்துக்கொண்டு, பின்னணி தரும் காசைத் தொடாமல் வையுங்கள்.

முதல் சாகசத்தில் கிடைக்கும் பங்கில் 20 காசை உடனே ஒதுக்கி, இரண்டு பொட்டலம் கூடுதலாக வாங்குங்கள். குணமாக்கும் மருந்துக் குப்பி ஒன்று 50 காசு என்பதோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவே இல்லை. கையில் இரண்டு பொட்டலம் இருக்கிறது என்ற நினைப்பே உங்களைத் துணிந்து ஆட வைக்கும். கைவசம் ஒன்றும் இல்லாதவர் ஆந்தையைப் பொத்திப் பொத்தி வைத்து, கடைசியில் எதற்கும் பயன்படுத்தாமல் விட்டுவிடுவார். நானும் பல அமர்வுகள் அப்படித்தான் ஆடினேன்.

4. எவ்வளவு நேரம் ஆகும், எப்போது செய்வது

மந்திரம் சொல்ல ஒரு மணி நேரம். ரிச்சுவலாக (சடங்காக) செய்தால் இன்னும் பத்து நிமிடம் கூடும், ஆனால் ஸ்பெல் ஸ்லாட் செலவாகாது. முதல் லெவல் விசார்டிடம் இருப்பதே இரண்டு ஸ்லாட்தான். ஆகவே எழுபது நிமிடம் ஒதுக்கி ரிச்சுவலாகவே செய்யுங்கள். விசார்டுக்கு மந்திரம் ஸ்பெல்புக்கில் இருந்தால் போதும், அன்றைக்குச் சொல்லத் தேர்ந்துவைக்கும் மந்திரங்களின் தயாரிப்புப் பட்டியலில் அதற்கு இடம் கொடுக்க வேண்டியதில்லை. இது தெரியாமல் தினமும் ஒரு இடத்தை வீணாக்கிக்கொண்டிருந்தேன்.

"இரவு தூங்கும்போது அப்படியே செய்துவிடுகிறேன்" என்று சொல்லாதீர்கள். நீண்ட ஓய்வின் நடுவே ஒரு மணி நேரம் மந்திரம் சொன்னால் அந்த ஓய்வு கலையும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2024 விதி இன்னும் கறார்: கேன்ட்ரிப் (ஸ்லாட் வேண்டாத எளிய மந்திரம்) அல்லாத எந்த மந்திரம் சொன்னாலும் ஓய்வு தடைபடும். சரியான நேரம் ஓய்வு முடிந்த பிறகு, புறப்படுவதற்கு முன். தோழர்கள் கூடாரம் பிரித்து, சமைத்துச் சாப்பிட்டு முடிக்க எப்படியும் நேரம் ஆகும் என்று டிஎம்மிடம் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். இல்லையென்றால் ஊருக்குள் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

எழுபது நிமிடமும் கான்சன்ட்ரேஷன் (மனக்குவிப்பு) வேண்டும். நடுவில் யாராவது தாக்கி அது கலைந்தால் மந்திரம் தோற்கும், ஸ்லாட் போகாது. பாதி எரிந்த சாம்பிராணி என்ன ஆகும் என்பதை டிஎம் முடிவு செய்ய வேண்டியிருக்கும். காவலுக்கு ஆள் வைத்துவிட்டு உட்காருங்கள்.

5. எந்த உருவம்?

2014 பட்டியல்: வௌவால், பூனை, நண்டு, தவளை, பருந்து, பல்லி, ஆக்டோபஸ், ஆந்தை, நச்சுப்பாம்பு, க்விப்பர் மீன், எலி, அண்டங்காக்கை, கடல்குதிரை, சிலந்தி, வீசல் (கீரி போன்ற சிறு விலங்கு). 2024-இல் சேலஞ்ச் ரேட்டிங் (வலிமை அளவு) 0 உள்ள வேறு விலங்கையும் எடுக்கலாம்.

எல்லோரும் ஆந்தையைத்தான் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. 60 அடி பறக்கும், 120 அடி வரை இருட்டில் பார்க்கும். 'ஃப்ளைபை' என்ற தன்மையால் எதிரியின் எட்டும் தூரத்தை விட்டுப் பறந்து விலகும்போது, விலகுபவரை எதிரி அடிக்கும் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் வாங்காது. கேட்டும் பார்த்தும் கண்டுபிடிக்கும் பெர்செப்ஷன் சோதனைகளில் அட்வான்டேஜ் (பகடையை இரு முறை உருட்டி உயர்ந்ததை எடுப்பது) வேறு. முதல் முறை ஆடுகிறவர் குழம்ப வேண்டாம், ஆந்தையையே எடுங்கள்.

ஆனால் ஆந்தை பொருந்தாத இடங்கள் உண்டு. பட்டப்பகலில் மாளிகைக்குள் ஆந்தை பறந்தால் எந்தக் காவலனும் நிமிர்ந்து பார்ப்பான். அங்கே பூனையோ எலியோ போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். பூனை 40 அடி ஓடும், ஏறவும் செய்யும். ஆனால் 2014 விதியில் பூனைக்கு இருட்டில் பார்க்கும் திறன் இல்லை. பூனைதானே, இருட்டில் பார்க்குமே என்று நம்பி அனுப்பி, ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். உங்கள் ஊகத்தை நம்பாதீர்கள், விலங்கின் விவரத்தைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

மறைந்திருக்கும் எதிரிகள் அதிகம் வருகிற ஆட்டத்தில் வௌவால் பொன். 60 அடிக்கு பிளைண்ட்சைட் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாதவனையும் அது உணரும். காது அடைபட்டால் மட்டும் அந்தத் திறன் போய்விடும். சிலந்தி கூரையில் தலைகீழாக நடக்கும், பூட்டிய கதவின் அடியிடுக்கில் நுழையும். அதன் இருட்டுப் பார்வை 30 அடிதான். அண்டங்காக்கை கேட்ட எளிய ஒலிகளைத் திருப்பிச் சொல்லும், குழந்தை அழுவது போல ஒலியெழுப்பிக் காவலாளியை இடம்பெயர வைத்த மேசைகள் உண்டு. தண்ணீருக்குள் போக ஆக்டோபஸ் நன்று. மீனும் கடல்குதிரையும் கடல் சாகசத்துக்கு மட்டும்தான்.

உருவத்தோடு இன்னொன்றையும் தேர்ந்தெடுக்க வேண்டும்: அது செலஸ்டியலா (தேவலோகத்தது), ஃபேயா (மாயவனத்தது), ஃபீண்டா (நரகத்தது) என்று. இதை அலங்காரம் என்று நினைத்துப் பலர் யோசிக்காமல் எழுதிவிடுகிறார்கள். பார்க்க விலங்கு, ஆனால் விதிப்படி அது பீஸ்ட் (சாதாரண விலங்கு) இல்லை. விலங்குகளோடு பேசும் மந்திரம், விலங்கை வசியப்படுத்தும் மந்திரம் எதுவும் அதன்மேல் வேலை செய்யாது. 2014 விதியில் பாலடினின் (புனிதப் போர்வீரரின்) 'டிவைன் சென்ஸ்' திறன் செலஸ்டியலையும் ஃபீண்டையும் காட்டிக்கொடுக்கும், ஃபேயைக் காட்டாது. உளவுக்கு அனுப்ப நினைத்தால் ஃபே என்று எழுதுங்கள். உங்கள் குழுவிலேயே பாலடின் இருந்து, நீங்கள் ஃபீண்ட் எலி வைத்திருந்தால் அதற்கான பேச்சுக்கும் தயாராக இருங்கள்.

6. வைத்திருக்க வேண்டிய தாள்கள்

மேசைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். மூன்று தாள் போதும்.

முதலாவது, உள்ளங்கை அளவு அட்டை. அதில் விலங்கின் ஆர்மர் கிளாஸ் (அடி படாமல் தப்பும் அளவு), ஹிட் பாயிண்ட், வேகம், பார்வைத் தூரம், பாசிவ் பெர்செப்ஷன் (தேடாமலே கவனிக்கும் அளவு), ஸ்டெல்த் (பதுங்கல்) கூட்டல், சிறப்புத் தன்மை. ஆந்தைக்கு எழுதினால் இப்படி: ஆர்மர் கிளாஸ் 11, ஹிட் பாயிண்ட் 1, பறத்தல் 60, நடத்தல் 5, இருட்டுப் பார்வை 120, பாசிவ் பெர்செப்ஷன் 13, ஸ்டெல்த் +3, ஃப்ளைபை. டிஎம் கேட்கும்போது புத்தகத்தைப் புரட்டாமல் பதில் சொல்வதற்கு இதுதான் வழி. உருவம் மாற்றினால் அட்டையையும் மாற்றுங்கள்.

இரண்டாவது, மந்திரக் குறிப்பின் முழு வாசகம், உங்கள் கையெழுத்தில். படியெடுத்து எழுதும்போதுதான் பல வரிகள் மனதில் பதியும். "100 அடி" எங்கே, "30 அடி" எங்கே என்று பிரித்து எழுதுங்கள்: மனத்தால் பேச, கண் வழி பார்க்க, தொடு மந்திரத்தைக் கொண்டுசேர்க்க 100 அடி. தற்காலிகமாக மறைத்து வைத்த துணைவிலங்கைத் திரும்பத் தோன்றச் செய்ய 30 அடி.

மூன்றாவது, பொட்டலக் கணக்கு. வாங்கியது, எரித்தது, மிச்சம். கேரக்டர் ஷீட்டின் ஓரத்தில் மூன்று கட்டம் போட்டால் போதும்.

7. முதல் அமர்வுக்கு முன் டிஎம்மிடம் பேசுங்கள்

விதிநூல் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. கீழே உள்ளவற்றை ஆட்டத்தின் நடுவில் கேட்டால் வாக்குவாதமாகும், முன்பே கேட்டால் இரண்டு நிமிடப் பேச்சு.

துணைவிலங்கை யார் ஆட்டுவது? அது தன் முறையில் சுயமாகச் செயல்படும், உங்கள் கட்டளைக்கு எப்போதும் கீழ்ப்படியும் என்பதே விதி. பெரும்பாலான மேசைகளில் ஆட்டக்காரரே நகர்த்துவார், சில டிஎம்கள் தாங்களே நடத்த விரும்புவார்கள். உளவு பார்த்துவிட்டு வந்தால் எவ்வளவு சொல்லும்? ஆந்தையின் இன்டலிஜன்ஸ் (அறிவு அளவு) 2. "உள்ளே பதினேழு பேர், ஏழு பேரிடம் வில்" என்று எண்ணிச் சொல்லுமா, "நிறையப் பேர்" என்று மட்டும் உணர்த்துமா என்பதை டிஎம் தீர்மானிக்கட்டும். மயங்கிக் கிடக்கும் தோழனின் வாயில் மருந்துக் குப்பியை அது சாய்க்க முடியுமா? ஆந்தையின் காலால் கூடாது என்பவர்களும் உண்டு, ஆக்டோபஸ் கையால் சரி என்பவர்களும் உண்டு. துணைவிலங்கு மறையும்போது அது சுமந்துகொண்டிருக்கும் பொருள் என்ன ஆகும்? 2024 விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: எல்லாம் அங்கேயே விழும். 2014-இல் அந்த வாசகம் இல்லை, ஆகவே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

டிஎம் மறுத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவை மேசையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே பதில்.

8. ஆட்டத்தில் பயன்படுத்துவது

முதலில் உளவு. 100 அடிக்குள் இருக்கும்வரை மனத்தால் பேசலாம், அதன் கண்ணாலும் காதாலும் அறியலாம். 2014 விதியில் அப்படிப் பார்க்கும்போது உங்கள் சொந்தக் கண்ணும் காதும் அடைந்துவிடும். பக்கத்தில் கத்தியோடு ஒருவன் வந்து நின்றாலும் தெரியாது. சுவரோரம் உட்கார்ந்து, தோழர் ஒருவரைத் தோளில் கைவைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பாருங்கள். 100 அடி தாண்ட வேண்டுமானால் முன்பே கட்டளை கொடுத்து அனுப்புங்கள்: "அந்தக் கோபுரத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பி வா." தாண்டிய பிறகு உங்கள் குரல் அதற்கு எட்டாது.

உளவில் ஒரு மரியாதையும் இருக்கிறது. உங்கள் குழுவில் ரோக் இருந்தால், பதுங்கிப் போய்ப் பார்ப்பது அவர் ஆசைப்பட்டு எடுத்த வேலை. ஒவ்வொரு அறைக்கும் முதலில் உங்கள் சிலந்தி போனால் அவர் சும்மா உட்கார வேண்டியதுதான். எங்கள் குழுவில் இது ஒரு மனக்கசப்பாகவே ஆனது, தவறு என்னுடையது. இப்போது ரோக் முன்னே போகிறார், ஆந்தை மேலிருந்து அவருக்குக் காவல் காக்கிறது. இருவருக்கும் வேலை இருக்கிறது.

அடுத்து சண்டை. துணைவிலங்கு தாக்க முடியாது, மற்ற ஆக்‌ஷன்கள் எல்லாம் செய்யலாம். அதற்குத் தனி இனிஷியேட்டிவ் (சண்டையில் முறை வரும் வரிசை) உண்டு. அது செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம் 'ஹெல்ப்': எதிரியின் 5 அடிக்குள் போய் அவன் கவனத்தைக் குலைத்தால், அவனைத் தாக்கும் தோழரின் அடுத்த தாக்குதலுக்கு அட்வான்டேஜ் கிடைக்கும். ஆந்தை 30 அடி பறந்து வந்து, ஹெல்ப் செய்து, மீதி 30 அடி பறந்து விலகலாம். ஃப்ளைபை இருப்பதால் போகிற போக்கில் அடி விழாது. ரோக்குக்கு இது ஸ்னீக் அட்டாக் (கூடுதல் சேதம் தரும் தாக்குதல்) வாய்ப்பு. முதல் தாக்குதலோடு உதவி தீர்ந்துவிடும் என்பதால், யாருக்கு வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

தொடு மந்திரங்களில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நீங்கள் தொட்டுச் செலுத்தும் மந்திரத்தைத் துணைவிலங்கு உங்களுக்குப் பதிலாகக் கொண்டுசேர்க்கும், அதற்கு அதன் ரியாக்‌ஷன் செலவாகும். படிக்க அருமையாக இருக்கிறது. ஆனால் மந்திரத்தை நீங்கள் உங்கள் முறையில்தான் சொல்கிறீர்கள். அந்த நேரத்தில் ஆந்தை எதிரியின் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அதாவது தன் முறையில் பறந்து போய், அங்கேயே நின்று, உங்கள் முறை வரும்வரையும், அதற்குப் பிறகு தன் அடுத்த முறை வரும்வரையும் எதிரியின் மூக்குக்கு முன்னால் இருக்க வேண்டும். ஃப்ளைபை இதற்கு உதவாது. ஒரே ஒரு ஹிட் பாயிண்ட் உள்ள உயிரை அப்படி நிறுத்தினால் பத்துக் காசு போனது போலத்தான். காத்திருந்து தக்க நேரத்தில் செய்யும் 'ரெடி' ஆக்‌ஷன் வைத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். ரெடியும் ரியாக்‌ஷனைத்தான் கேட்கும், பிறகு மந்திரம் செலுத்த ரியாக்‌ஷன் மிச்சம் இருக்காது.

ஆகவே ஷாக்கிங் கிராஸ்ப் போன்ற தாக்கும் மந்திரத்தை அவசரத்துக்கு மட்டும் வையுங்கள். சிக்கிக்கொண்ட தோழன் தப்பிக்க வேண்டும், எதிரியின் ரியாக்‌ஷனைப் பறித்தால் போதும் என்கிற நிலையில் ஆந்தையைப் பணயம் வைப்பது தகும். மற்ற நேரங்களில் தோழர்கள்மேல் செலுத்துங்கள். அறையின் மறுமூலையில் நிற்கும் ரோக்மேல் இன்விசிபிலிட்டி, காயம்பட்டவர்மேல் கியூர் வூண்ட்ஸ். தோழரின் தோளில் ஆந்தை உட்கார்ந்திருப்பதில் ஆபத்து குறைவு. என் அனுபவத்தில் இந்தத் திறனின் உண்மையான பயன் இங்கேதான்.

குண்டு போல வெடிக்கும் மந்திரங்கள் வரும் என்று சந்தேகம் வந்தால் உடனே மறைத்துவிடுங்கள். ஃபயர்பால் எட்டு அறுமுகப் பகடை. சேவிங் த்ரோ (தப்பிக்க உருட்டும் பகடை) வென்று பாதி பட்டாலும் குறைந்தது 4. ஆந்தை பிழைக்க வழியே இல்லை. மறைக்க ஒரு ஆக்‌ஷன், திரும்ப அழைக்க ஒரு ஆக்‌ஷன். காசு செலவில்லை, நேரமும் இல்லை. மறைத்து வைக்கும் இந்த வசதியைப் புதியவர்கள் மறந்தே போகிறார்கள். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது, ஆந்தை தோளில் இருப்பதைவிட மறைவிடத்தில் இருப்பது மேல்.

கடைசியாக, உங்களுக்கு இப்போது இரண்டு முறை வருகிறது. மற்றவர்களுக்கு ஒன்றுதான். ஆந்தையின் முறை வருவதற்கு முன்பே முடிவு செய்துவையுங்கள். "ஆந்தை, அந்த ஓநாய்க்கு எதிராக ஃபைட்டருக்கு உதவி, திரும்பிக் கூரைக்கு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் ஐந்து நொடியில் முடியும்.

9. செத்துப்போனால்

ஹிட் பாயிண்ட் பூஜ்யமானதும் உடல் இல்லாமல் மறைந்துவிடும். நிரந்தர இழப்பு இல்லை. மந்திரத்தை மறுபடி சொன்னால் அதே துணைவிலங்கு திரும்பி வரும், வேண்டுமானால் வேறு உருவத்தில். திரும்பவும் பத்துக் காசு, திரும்பவும் எழுபது நிமிடம். உயிரோடு இருக்கும்போது உருவம் மாற்ற நினைத்தாலும் இதே செலவுதான், தள்ளுபடி கிடையாது. ஆகவே நாளை கப்பலேறப் போகிறோம் என்று தெரிந்தால் இன்றிரவு ஊரிலேயே பேசி முடிவெடுத்து, ஒரு பொட்டலம் கூடுதலாக வாங்குங்கள். நிலவறைக்குள் செத்தால் அவசரப்பட்டு அங்கேயே உட்காராதீர்கள். அன்று ஆந்தை இல்லாமல் ஆடிவிட்டு, வெளியே வந்த பிறகு செய்யுங்கள்.

10. வேறு விதிமுறையில் ஆடுகிறவர்களுக்கு

மேலே சொன்ன கணக்கு எதையும் அப்படியே எடுத்துப் போகாதீர்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 3.5-இல் வரவழைக்க 100 பொற்காசு, 24 மணி நேரம். செத்தால் உங்களுக்கு ஃபார்டிட்யூட் (உடலுறுதி) சோதனை. தோற்றால் லெவலுக்கு 200 அனுபவப் புள்ளி போகும், வென்றாலும் அதில் பாதி போகும். ஒரு வருடமும் ஒரு நாளும் வேறு துணைவிலங்கு கிடையாது. அங்கே ஆந்தையைச் சண்டைக்குள் விடவே விடாதீர்கள். பாத்ஃபைண்டர் என்ற இதே வகை ஆட்டத்தின் முதல் பதிப்பில் இழந்த ஒரு வாரம் கழித்து, எட்டு மணி நேரச் சடங்கும் விசார்ட் லெவலுக்கு 200 பொற்காசும் கொடுத்து மீட்கலாம்.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு இவ்வளவு கொடுமையில்லை. துணைவிலங்குக்கு உங்கள் லெவலுக்கு 5 வீதம் ஹிட் பாயிண்ட், உங்கள் ஆர்மர் கிளாஸே அதற்கும். செத்தால் ஒரு வார ஓய்வுநேரத்தில் காசில்லாமல் இன்னொன்று கிடைக்கும். தினமும் காலையில் அதன் திறன்களை நீங்களே தேர்வு செய்யலாம், அதனால் அங்கே முக்கியமான தாள் அந்தத் திறன் பட்டியல்தான். சண்டையில் அது தானாக எதுவும் செய்யாது: உங்கள் மூன்று ஆக்‌ஷன்களில் ஒன்றைக் கொடுத்துக் கட்டளையிட்டால் அதற்கு இரண்டு கிடைக்கும். விட்ச் வகுப்பில் ஆடுகிறவருக்கு மந்திரங்களே துணைவிலங்கிடம்தான் சேமிப்பில் இருக்கும். செத்தாலும் அடுத்த நாள் காலைத் தயாரிப்பில் அவருக்கு மந்திரம் தரும் மாய சக்தியான பேட்ரன் திருப்பித் தந்துவிடுவார்.

முதல் அமர்வுக்குப் புறப்படும் முன் பையைத் திறந்து பாருங்கள்: அட்டை, மந்திரக் குறிப்பு, பொட்டலக் கணக்கில் குறைந்தது ஒன்று மிச்சம், பொருட்பட்டியலில் கணப்புச் சட்டி. நான்கும் இருந்தால் "வரவழைக்கிறேன்" என்று சொல்லலாம்.